1957 வீட்டின் பழைய அவுட்லெட்டுகள்: இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் எதை, எப்படி எழுதுவது?

கேள்வி: முற்றத்துவிளக்கு

வணக்கம். அமெரிக்காவில் ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் செய்பவர்களும் எலக்ட்ரீசியன்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். 1957-இல் கட்டிய தனி வீடு. ரிப்போர்ட் வாங்குபவருக்குப் போகிறது. அவுட்லெட்டுகள் பற்றிய குறிப்புகள் இவை:

படுக்கையறை மூன்றிலும் இரண்டு துளை அவுட்லெட். கிரவுண்ட் (எர்த்) துளையே இல்லை.

ஹாலில் மூன்று துளை. மூன்று விளக்கு டெஸ்டரைச் செருகினால் "ஓப்பன் கிரவுண்ட்", அதாவது கிரவுண்ட் இணைப்பு இல்லை என்று காட்டுகிறது.

பின்பக்க ஃபேமிலி ரூமிலும் மூன்று துளை. அங்கே டெஸ்டர் "சரி" என்கிறது. ஆனால் அட்டிக்கிலிருந்து அந்த அறைக்கு இறங்குவது துணி உறை போட்ட பழைய இரண்டு கம்பி கேபிள்.

கிச்சனில் ஒரு ஜிஎஃப்சிஐ (மின்கசிவு ஏற்பட்டதும் தானே அணைக்கும் அவுட்லெட்) இருக்கிறது. அதன் சொந்த டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகிறது. டெஸ்டரில் உள்ள பட்டனை அழுத்தினால் ஆகவில்லை.

கராஜிலும் வெளிச்சுவரிலும் ஜிஎஃப்சிஐ இல்லை.

இதில் எதைக் குறை என்று எழுதுவது, எதை வெறும் தகவலாக எழுதுவது? "கட்டிய காலத்து விதிக்கு உட்பட்டதே" என்று ஒரு வரி போட்டால் போதுமா? வீடு முழுக்க வயர் மாற்ற வேண்டுமா என்றுதான் வாங்குபவர் முதலில் கேட்பார். அதற்கு ரிப்போர்ட் எவ்வளவு தூரம் பதில் சொல்லலாம்?

பதில்: ஏணிக்காரன் (இன்ஸ்பெக்டர்)

நீங்கள் எழுதிய ஐந்தும் ஒரே ரகம் இல்லை. சில பழையவை, சில தப்பாகச் செய்யப்பட்டவை. இரண்டையும் சேர்த்து "அவுட்லெட்டுகள் காலாவதியானவை, எலக்ட்ரீசியனைக் கலந்தாலோசிக்கவும்" என்று ஒரே வரியில் போட்டால் வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. விற்பவரும் "கட்டினப்போ சரியாத்தான் இருந்தது" என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார். அந்தப் பதில் படுக்கையறைக்குப் பொருந்தும். ஹாலுக்கும் ஃபேமிலி ரூமுக்கும் பொருந்தவே பொருந்தாது.

படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். தேசிய மின் விதித்தொகுப்பான என்இசி, 15, 20 ஆம்பியர் சர்க்யூட்டுகளில் எல்லா இடத்திலும் கிரவுண்ட் உள்ள அவுட்லெட் வேண்டும் என்று 1962 பதிப்பில்தான் சொன்னது. அதற்கு முன்பு லாண்டரி, கராஜ், வெளிப்புறம் போன்ற சில இடங்களுக்கு மட்டும்தான் இருந்தது. ஆகவே 1957 வீட்டின் படுக்கையறையில் இரண்டு துளை இருப்பது இயல்பு. இன்றைக்கும், அவுட்லெட் இருக்கும் சுவர்ப் பெட்டியில் கிரவுண்ட் இல்லாவிட்டால், கெட்டுப்போன இரண்டு துளையை எடுத்துவிட்டு இன்னொரு இரண்டு துளையே போட என்இசி பிரிவு 406.4(டி)(2) இடம் கொடுக்கிறது. இதை வரம்பாக எழுதுங்கள்: கிரவுண்ட் இல்லை, மூன்று முள் பிளக் உள்ள சாதனத்துக்கு இது உதவாது, இடையில் அடாப்டர் போடக் கூடாது. பிளக்கைப் பிடிக்காமல் தொளதொளவென்று இருந்தாலோ, முகப்பு விரிசல் விட்டிருந்தாலோ, கருகிய தடம் இருந்தாலோ மட்டும் தனிக் குறையாகத் தூக்கி எழுதுங்கள். தளர்ந்த பிடிதான் சூடாகும், வயது அல்ல. அறுபது வருடம் பிளக் போகவர இருந்த அவுட்லெட்டில் இது நிறைய இருக்கும். பிளக்கைச் செருகும்போதே கை உணரும்.

ஹால் நிச்சயமாகக் குறை. மூன்றாவது துளையைப் பார்ப்பவர் பின்னால் கிரவுண்ட் இருக்கிறது என்று நம்பித்தான் சாதனத்தை மாட்டுகிறார். வீட்டின் வயது இதற்குச் சமாதானம் ஆகாது. 1957-இல் அங்கே இருந்தது இரண்டு துளை. பிறகு யாரோ கடையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். அந்த சர்க்யூட்டில் பேனல் பக்கம் எங்காவது ஜிஎஃப்சிஐ பாதுகாப்பும் முகப்பில் அதற்கான லேபிளும் இருந்தால் மட்டுமே இப்படி மூன்று துளை நிற்கலாம்.

ஃபேமிலி ரூம்தான் எனக்குக் கவலை தருவது. இரண்டு கம்பி கேபிளின் முனையில் டெஸ்டர் "சரி" என்றால் அந்த கிரவுண்ட் எங்கிருந்து வந்தது? எலக்ட்ரீசியன் யாராவது இதை விரிவாகச் சொன்னால் நல்லது.

கராஜ், வெளிச்சுவருக்கு வருடக் கணக்கு உதவும். ஜிஎஃப்சிஐ வெளிப்புறத்துக்கு 1973, குளியலறைக்கு 1975, கராஜுக்கு 1978, கிச்சனில் சிங்க் அருகே 1987. இவை என்இசி அதைக் கேட்கத் தொடங்கிய ஆண்டுகள். ஒவ்வொரு மாநிலமும் ஊரும் எந்த வருடம் எந்தப் பதிப்பை ஏற்றது என்பது வேறு கதை. அதனால்தான் ரிப்போர்ட்டில் "விதிமீறல்" என்ற சொல்லை நான் எழுதவே மாட்டேன். நாம் செய்வது விதிச் சோதனை இல்லை, அதற்கு அதிகாரமும் இல்லை. ஆனால் "அன்றைக்குத் தேவைப்படவில்லை" என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் தப்பு. ஈரக் கான்கிரீட்டில் நின்று டிரில்லைப் பிடிப்பவரின் உடம்புக்கு வீடு கட்டிய வருடம் தெரியாது. "கட்டிய காலத்தில் கட்டாயம் இல்லாதிருக்கலாம்; உயிர்ப் பாதுகாப்புக்காக இப்போது சேர்க்கப் பரிந்துரைக்கிறோம்" என்று இரண்டையும் ஒன்றாக எழுதுங்கள்.

ஒவ்வொரு குறிப்பிலும் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: எந்த இடம், என்ன கண்டது, எதை வைத்துச் சோதித்தது, அதனால் என்ன ஆகலாம், யார் என்ன செய்ய வேண்டும். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் போகும். பொருள் இப்படி இருக்கட்டும்:

"ஹால், கிழக்குச் சுவரில் இரண்டும் தெற்குச் சுவரில் ஒன்றும்: மூன்று துளை அவுட்லெட்டுகளில் கிரவுண்ட் இணைப்பு இல்லை என்று செருகு டெஸ்டர் காட்டியது. ஜிஎஃப்சிஐ பாதுகாப்போ லேபிளோ காணப்படவில்லை. உலோக உடல் கொண்ட சாதனத்தில் பழுது ஏற்பட்டால் அதன் உடலில் மின்சாரம் நிற்கலாம், பிரேக்கர் விழாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் இந்த சர்க்யூட் முழுவதையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்."

கடைசியாக, எத்தனை சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஹோம் இன்ஸ்பெக்டர்கள் சங்கமான ஆஷியின் நடைமுறைத் தரம் கேட்பது மாதிரிக்குச் சிலவற்றை, அதாவது அறைக்கு ஒன்றை. நீங்கள் எல்லாவற்றையும் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லுங்கள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் பின்னால் எட்டாதவற்றை "சோதிக்கவில்லை" என்று சுவரின் பெயரோடு குறிப்பிடுங்கள். ஓர் அறையில் ஒன்று தப்பாக இருந்தால் மற்றவற்றைப் பார்க்காமல் வராதீர்கள். பழைய வீட்டில் ஒன்றை மட்டும் மாற்றிய கை அபூர்வம்.

பதில்: செம்புக்கம்பி (எலக்ட்ரீசியன்)

ஏணிக்காரன் அண்ணன் கேட்ட கேள்விக்கு வர்றேன். ரெண்டு கம்பி கேபிள், டெஸ்டர்ல "சரி". இதுக்கு மூணு காரணம் இருக்கலாம்.

ஒண்ணு, நல்ல காரணம். யாரோ பிற்பாடு தனி கிரவுண்ட் கம்பி இழுத்திருக்கலாம். என்இசியோட 250.130(சி) பிரிவு இதை அனுமதிக்குது. அந்த சர்க்யூட் கிளம்பற பேனலோட (பிரேக்கர் பெட்டியோட) கிரவுண்ட் பாருக்கோ, கிரவுண்டிங் எலக்ட்ரோடு அமைப்புல கைக்கு எட்டற இடத்துக்கோ கம்பி போயிருக்கும். இல்லன்னா பெட்டிக்கு வர்றது கேபிளே இல்லாம உலோகக் குழாயா இருக்கலாம். அட்டிக்ல துணி கேபிளை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்க, அதனால குழாய் சந்தேகம் இங்க கம்மி.

ரெண்டாவது, 50களோட கடைசியிலயும் 60களோட ஆரம்பத்திலயும் வந்த சில துணி கேபிள்ல மெல்லிசா ஒரு கிரவுண்ட் கம்பி இருக்கும். 14 கேஜ் கேபிளுக்கு 16 கேஜ் கிரவுண்ட் (கேஜ் எண் கூடினா கம்பி மெல்லிசு). அதை பெட்டிக்குள்ள விடாம, வெளியிலேயே கிளாம்ப்ல திருப்பிச் சுத்தி வச்சிருப்பாங்க. பெட்டிக்குள்ள பார்த்தா ரெண்டே கம்பி தெரியும், ஆனா பெட்டி கிரவுண்ட் ஆகியிருக்கும்.

மூணாவது, கள்ள கிரவுண்ட். அவுட்லெட்டோட நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற கம்பி) திருகுலேருந்து பச்சை கிரவுண்ட் திருகுக்கு ஒரு துண்டு கம்பி. டெஸ்டருக்கு இது தெரியாது. ஏன்னா டெஸ்டர் பார்க்கறது ஹாட் (கரண்ட் வர்ற கம்பி), நியூட்ரல், கிரவுண்ட் மூணுக்கும் இடையில எவ்வளவு வோல்ட்னு மட்டும்தான். நியூட்ரலும் கிரவுண்டும் ஒண்ணாயிட்டா ஹாட்டுக்கும் அதுக்கும் 120, தங்களுக்குள்ள பூஜ்யம். சரியான அவுட்லெட்லயும் இதே எண்தான்.

இதுல என்ன தப்புன்னா, சாதனத்தோட உலோக உடல் இப்போ நியூட்ரலோட ஒட்டியிருக்கு. பேனல் பக்கம் எங்கேயாவது நியூட்ரல் கம்பி விட்டுப்போச்சுன்னா, சாதனத்துக்குள்ள புகுந்த 120 வோல்ட் நேரா உடலுக்கு வந்துடும். பிரேக்கர் விழாது. பழைய வீட்டுல நியூட்ரல் விட்டுப்போறது அரிதும் இல்ல. பின்பக்கம் குத்திச் செருகற இணைப்பும், சீலிங் பெட்டிக்குள்ள முறுக்கி விட்ட இணைப்பும்தான் முதல்ல தளரும்.

இதைவிட மோசமானது, தலைகீழ் கள்ள கிரவுண்ட். பழைய கேபிள்ல வெள்ளை எது கறுப்பு எதுன்னு நிறமே மங்கியிருக்கும். அதனால ஹாட்டை நியூட்ரல் பக்கம் மாட்டி, அதே பக்கத்துலேருந்து பச்சைத் திருகுக்கு ஜம்பர் போட்டுட்டா, கிரவுண்ட் துளையே 120 வோல்ட். மாட்டின சாதனத்தோட உடல் எந்நேரமும் உயிரோட, அதாவது மின்சாரத்தோட இருக்கும். டெஸ்டர் அப்பவும் "சரி"ன்னுதான் காட்டும். இது கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். உங்க கையில இருக்கற டெஸ்டரால பிடிக்க முடியாத குறைகள்ல உயிரை எடுக்கக்கூடியது இதுதான்.

பிடிக்கற வழி:

தொடாம பார்க்கற வோல்டேஜ் பேனாவை முதல்ல முகப்புத் தகட்டோட நடுத் திருகுகிட்ட கொண்டுபோங்க. நல்ல அவுட்லெட்ல கத்தாது. கத்தினா நிறுத்திடுங்க, எதையும் செருகாதீங்க. துளைகிட்ட வச்சா பக்கத்து ஹாட் துளைக்காக கத்தலாம், அதனால திருகுதான் நம்பகம்.

அப்புறம் மீட்டர். நிச்சயமா நல்ல கிரவுண்ட் உள்ள ஒரு இடத்துலேருந்து, உதாரணமா பேனல் பக்கத்துல புதுசா மூணு கம்பி கேபிள்ல போட்ட அவுட்லெட்லேருந்து, எக்ஸ்டென்ஷன் கார்டு இழுத்துட்டு வாங்க. அதோட கிரவுண்ட் துளையில ஒரு முனை, சந்தேகப்பட்ட அவுட்லெட்ல இன்னொரு முனை. சின்னத் துளை 120, பெரிய துளை கிட்டத்தட்ட பூஜ்யம், கிரவுண்டும் பூஜ்யம்னா போலாரிட்டி சரி. சின்னது பூஜ்யம், பெரியதும் கிரவுண்டும் 120ன்னா தலைகீழ் கள்ள கிரவுண்ட். உடனே பிரேக்கரை அணைக்கச் சொல்லி, வீட்டுல இருக்கறவங்ககிட்ட அங்கேயே வாயால சொல்லுங்க. ரிப்போர்ட் ரெண்டு நாள் கழிச்சு வரும், அதுவரைக்கும் அந்த அறையில யாரோ இருப்பாங்க.

சாதாரண கள்ள கிரவுண்டைப் பிடிக்க லோடு வேணும். அதே அவுட்லெட்டோட ஒரு சாக்கெட்ல 1500 வாட் ஹீட்டர், இன்னொண்ணுல மீட்டரை நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வைங்க. 14 கேஜ் செம்பு ஆயிரம் அடிக்கு சுமார் 2.5 ஓம். பேனல் 50 அடி தூரம்னா நியூட்ரல்ல 0.126 ஓம். ஹீட்டர் இழுக்கறது 12.5 ஆம்பியர். அப்போ நியூட்ரல்ல விழறது ஒண்ணரை வோல்ட் மாதிரி. நிஜ கிரவுண்டுல கரண்ட் ஓடாததால அந்த ஒண்ணரை வோல்ட் மீட்டர்ல தெரியும். மில்லிவோல்ட் கணக்குலயே நின்னா ரெண்டும் அங்கேயே ஒட்டியிருக்குன்னு அர்த்தம். பேனலுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா இந்தச் சோதனை ஏமாத்தும். பழைய கேபிள்ல 12.5 ஆம்பியரை நிமிஷக்கணக்கா ஓட்டாதீங்க, பத்து விநாடி போதும். மத்த லோடை அணைச்சுட்டுச் செய்ங்க. இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் செய்யணும்னு எந்தத் தரமும் கேட்கல. செய்யலைன்னா, "டெஸ்டர் சரி என்று காட்டினாலும் வந்து சேரும் கேபிளில் கிரவுண்ட் கம்பி தெரியவில்லை, பொய்யான கிரவுண்டாக இருக்க வாய்ப்பு உண்டு, உபயோகிக்கும் முன் அவுட்லெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்"னு எழுதுங்க. அட்டிக்ல எடுத்த கேபிள் படத்தையும் பக்கத்துலயே போடுங்க. அந்தப் படம் இல்லாம அந்த வரியை யாரும் நம்ப மாட்டாங்க.

முற்றத்துவிளக்கு:

மிக்க நன்றி. ஃபேமிலி ரூமை "தகவல்" பகுதியிலிருந்து "உடனடி ஆபத்து" பகுதிக்கு மாற்றிவிட்டேன். கிச்சன் ஜிஎஃப்சிஐ பற்றிக் கேட்க வேண்டும். டெஸ்டர் பட்டனுக்கு அது ட்ரிப் ஆகாததால் கெட்டுப்போனது என்று எழுதலாமா? வயர் மாற்றாமல் ஜிஎஃப்சிஐ மட்டும் போட்டுச் சரிசெய்ய முடியும் என்றால் அதை ரிப்போர்ட்டில் சொல்லலாமா?

பதில்: செம்புக்கம்பி

கெட்டுப்போச்சுன்னு எழுதாதீங்க. டெஸ்டரோட விளக்கு அந்த அவுட்லெட்ல என்ன காட்டுதுன்னு முதல்ல பாருங்க.

ஓப்பன் கிரவுண்ட் காட்டினா விஷயம் எளிது. டெஸ்டர் பட்டன் ஹாட்லேருந்து கிரவுண்டுக்குக் கொஞ்சம் கரண்டைக் கசிய விட்டுப் பார்க்குது. கிரவுண்டே இல்லன்னா கசிய வழி இல்ல, ட்ரிப் ஆகாது. ஜிஎஃப்சிஐயோட சொந்த பட்டன் சென்சாரைச் சுத்தி ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல கசிய விடுது, அதுக்கு கிரவுண்ட் தேவையில்ல. கிரவுண்ட் இல்லாத இடத்துல அந்த பட்டன்தான் நம்பக்கூடிய சோதனை. அதுல ட்ரிப் ஆகி, ரெண்டு சாக்கெட்லயும் கரண்ட் நின்னுடுச்சுன்னா வேலை செய்யுது. அப்போ பார்க்க வேண்டியது லேபிள். "நோ எக்விப்மென்ட் கிரவுண்ட்" ஸ்டிக்கர் முகப்புல இருக்கணும். அதுலேருந்து கரண்ட் வாங்கற மத்த மூணு துளை அவுட்லெட்ல அதோட "ஜிஎஃப்சிஐ புரொடெக்டட்"னும் சேர்ந்து இருக்கணும். ஸ்டிக்கர் ஜிஎஃப்சிஐ வாங்கற பெட்டியிலேயே வரும். பெரும்பாலும் அந்தப் பெட்டியோடயே குப்பைக்குப் போயிடும்.

விளக்கு "சரி" காட்டி, பட்டனுக்கு ட்ரிப் ஆகலைன்னா ஆழமாப் பாருங்க. ஜிஎஃப்சிஐலேருந்து கரண்ட் வாங்கற அவுட்லெட்ல இப்படி நடந்தா கள்ள கிரவுண்டா இருக்கலாம். கசிஞ்ச கரண்ட் நியூட்ரல் வழியாவே திரும்பிடுறதால சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது.

ரெண்டாவது கேள்விக்கு, சொல்லலாம். வாங்கறவங்களுக்கு அது ரொம்ப உதவும். "வீடு முழுக்க வயர் மாத்தணும்"ங்கற பயம் பாதி வீடுகள்ல தேவையே இல்லாத பயம். ஆனா ஜிஎஃப்சிஐ என்ன கொடுக்கும், என்ன கொடுக்காதுன்னு சேர்த்துச் சொல்லணும். 4 முதல் 6 மில்லிஆம்பியர் கசிஞ்சாலே அணைக்கும், அதனால மனுஷனைக் காப்பாத்தும். கிரவுண்டை உருவாக்காது. சர்ஜ் புரொடெக்டர்ல கிரவுண்டுக்குத் தள்ளற பாதை வேலை செய்யாது. ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், வாஷிங் மெஷின், ஏசி, கம்ப்யூட்டர் மாதிரி என்இசி 250.114 பட்டியல்ல உள்ள சாதனங்களுக்கு நிஜ கிரவுண்டே வேணும். அதனால நான் எழுதற பரிந்துரை எப்பவும் ரெண்டு அடுக்கு. விளக்கும் சார்ஜரும் மட்டும் மாட்டற படுக்கையறைக்கு ஜிஎஃப்சிஐயும் லேபிளும். கிச்சன், லாண்டரி, வீட்டு ஆபீஸுக்குப் புது மூணு கம்பி சர்க்யூட்.

வயர் இழுக்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியன் பெட்டியைச் சோதிக்கணும். பெட்டி உலோகமா இருந்து, ஹாட்லேருந்து பெட்டிக்கு 120 வந்தா அங்கேயே கிரவுண்ட் இருக்கலாம். டிஜிட்டல் மீட்டர் மட்டும் போதாது, விட்டுப்போன கம்பிலயும் பேய் வோல்டேஜ் (நிஜத்துல உதவாத வோல்ட்) காட்டும். கம்மி இம்பிடன்ஸ் டெஸ்டரோ, ஒரு பல்போ வச்சு லோடுல பார்க்கணும். உறுதியானா 10-32 பச்சைத் திருகு, ஒரு பிக்டெய்ல் (இணைக்கற சின்னத் துண்டு கம்பி), முடிஞ்சது. ஆனா பழைய பிஎக்ஸ் கவசக் கேபிளா இருந்தா எச்சரிக்கை. உள்ளே மெல்லிய அலுமினிய பாண்டிங் பட்டை இல்லாத பழைய ரகத்துல, சுருண்ட உலோக உறையே பழுதுக் கரண்ட்ல சிவக்கச் சூடாகும், பிரேக்கர் விழாது. டெஸ்டர் அதையும் நல்ல கிரவுண்டுன்னே சொல்லும்.

இடம் இன்னொரு தலைவலி. 3×2×2½ அங்குல பழைய பெட்டிக்கு 12.5 கன அங்குலம். ரெண்டு 14 கேஜ் கேபிள் வந்தா நாலு கம்பிக்கு 8, உள் கிளாம்புக்கு 2, அவுட்லெட்டுக்கு 4, மொத்தம் 14. ஏற்கெனவே ஒண்ணரை அதிகம். அதுக்குள்ள பருத்த ஜிஎஃப்சிஐயைத் திணிச்சா, ரப்பர் காப்பு உதிர்ந்துபோன கம்பி பின்சுவர்ல அழுந்தும். பெட்டியை மாத்தணும், இல்லன்னா பேனல்ல ஜிஎஃப்சிஐ பிரேக்கர் போடணும். பேனல்ல போட்டாலும் ஒவ்வொரு அவுட்லெட்லயும் ஸ்டிக்கர் ஒட்டணும். ரெண்டு ஹாட் ஒரே நியூட்ரலைப் பகிர்ற சர்க்யூட்டா இருந்தா ரெண்டு போல் பிரேக்கர்தான் வேணும், ஒத்தை போல் போட்டா சும்மா சும்மா விழும்.

ஒண்ணு மட்டும் யாரும் செய்யாம இருக்க ரிப்போர்ட்லயே எழுதிடுங்க: அவுட்லெட்டுக்குன்னு தனியா ஒரு கிரவுண்ட் ராடு அடிச்சு இணைக்கறது. மண்ணோட எதிர்ப்பு 25 ஓம்னு வச்சாலும் 120 வோல்ட்ல ஓடறது 4.8 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. பக்கத்துத் தண்ணி பைப்ல கட்டறதும் அப்படித்தான். நடுவுல ஒரு அடி பிளாஸ்டிக் போட்டு ரிப்பேர் பண்ணியிருந்தா பாதை போச்சு, அதுக்கு அப்புறம் உள்ள பைப் முழுக்க உயிர் ஏறும்.

பதில்: கேஜ்பன்னிரண்டு

இந்த வீடு 1957 என்பதால் மேலே சொன்னது பொருந்தும். இதே இழையை வேறு வீட்டுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1965 முதல் 1973 வரையிலான வீடு என்றால் முதலில் அலுமினியக் கம்பியா என்று பேனலில் பாருங்கள். அலுமினியம் என்றால் கதை மாறிவிடும். அங்கே கிரவுண்ட் பெரும்பாலும் இருக்கும், டெஸ்டர் எல்லாவற்றையும் "சரி" என்றே சொல்லும். ஆபத்து திருகு இணைப்பில் இருக்கிறது. கம்பி சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மேலே ஆக்சைடு படிந்து இணைப்பு தளரும். சாதாரண அவுட்லெட்டை அதில் மாட்டக் கூடாது, அலுமினியத்துக்கும் ஏற்றது என்று காட்டும் "சிஓ/ஏஎல்ஆர்" முத்திரை வேண்டும். ஜிஎஃப்சிஐ அவுட்லெட்டுகளில் பொதுவாக அந்த முத்திரை கிடையாது. எனவே "ஜிஎஃப்சிஐ சேர்க்கவும்" என்று வெறுமனே எழுதுவது அந்த வீட்டில் புதிய ஆபத்தைச் சேர்ப்பதாகும். செம்புப் பிக்டெய்ல் இணைத்துத்தான் மாட்ட வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சி ஏற்கும் வழிகள் முழு வயர் மாற்றம், கோப்பலம் கிரிம்ப், அலுமிகான் கனெக்டர். முறுக்கித் தொப்பி போடும் சாதாரண கனெக்டரை நிரந்தரத் தீர்வாக அது ஏற்கவில்லை. தொட்டால் சுடும் முகப்புத் தகடு, மினுக்கும் விளக்கு, பிளாஸ்டிக் வாடை ஆகியவற்றைத் தேடி எழுதுங்கள்.

பதில்: தென்காற்று (டெக்சஸ்)

டெக்சஸில் எழுதுபவர்களுக்கு மட்டும். ஏணிக்காரன் சொன்ன "தகவல், பரிந்துரை" பிரிப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. டிஆர்இசி (டெக்சஸ் ரியல் எஸ்டேட் ஆணையம்) வகுத்த படிவத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு கட்டங்கள்தான்: பார்த்தது, பார்க்காதது, இல்லாதது, குறையுள்ளது. ஜிஎஃப்சிஐ, ஏஎஃப்சிஐ (தளர்ந்த இணைப்பில் தெறிக்கும் தீப்பொறியைக் கண்டு அணைக்கும் சாதனம்) இல்லாமையைப் படிவத்தின் முன்னுரையே ஆபத்துகளில் ஒன்றாகச் சொல்கிறது. கட்டிய காலத்தில் அது விதிமீறலாக இல்லாதிருக்கலாம் என்பதும் அதே முன்னுரையில் இருக்கிறது. ஆகவே 1957 கராஜாக இருந்தாலும் "குறையுள்ளது" கட்டத்தில்தான் குறி விழும். இதனால் விற்பவர் கட்டாயம் சரிசெய்ய வேண்டும் என்று ஆகிவிடாது, அதையும் படிவமே சொல்கிறது. குறிப்பில் ஒரு வரி விளக்கம் எழுதினால் இரண்டு தரப்பு ஏஜென்ட்டும் சண்டையைக் குறைப்பார்கள்.

பதில்: ஏணிக்காரன்

தென்காற்று சொன்னது சரி, மாநிலப் படிவம் இருந்தால் அதுதான் முதல். ஏஎஃப்சிஐ விஷயத்தில் மட்டும் என் பழக்கம் வேறு. 1999 பதிப்பில் அறிமுகமாகி, படுக்கையறை அவுட்லெட்டுகளுக்கு 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒன்றை, படிவம் கட்டாயப்படுத்தாத மாநிலத்தில் 1957 வீட்டின் குறை என்று நான் எழுதுவதில்லை. மேம்பாடு என்று எழுதுகிறேன். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்றைய 406.4(டி)(4)-இன்படி, ஏஎஃப்சிஐ தேவைப்படும் அறையில் அவுட்லெட்டை மாற்றினாலே அந்தப் பாதுகாப்பும் சேர வேண்டும். 2008-இலிருந்து குழந்தைகள் எதையும் செருகாதபடி தடுப்பு உள்ள அவுட்லெட்டும் கேட்கப்படுகிறது. "அவுட்லெட்டை மாற்றவும்" என்ற உங்கள் இரண்டு சொல் எலக்ட்ரீசியனின் கணக்கில் இதையெல்லாம் இழுத்துவரும். ஏஎஃப்சிஐ, ஜிஎஃப்சிஐ இரண்டும் சேர்ந்த அவுட்லெட் உண்டு, அதற்கு கிரவுண்ட் தேவையில்லை. படுக்கையறைகளுக்கு அதுவே பொருத்தமாக இருக்கும்.

முற்றத்துவிளக்கு:

எல்லோருக்கும் நன்றி. சுருக்கம் இப்படி வருகிறது, தப்பிருந்தால் சொல்லுங்கள்.

"உடனடி ஆபத்து: ஃபேமிலி ரூமில் நான்கு அவுட்லெட்டுகள், டெஸ்டர் சரி காட்டினாலும் வரும் கேபிளில் கிரவுண்ட் கம்பி தெரியவில்லை, பொய் கிரவுண்ட் சந்தேகம், படம் 14. சரிசெய்யும் வரை உலோக உடல் சாதனங்களைப் பயன்படுத்த வேண்டாம். குறை: ஹாலில் மூன்று அவுட்லெட்டுகள், கிரவுண்ட் இல்லை, ஜிஎஃப்சிஐ லேபிள் இல்லை. கிச்சன் ஜிஎஃப்சிஐ தன் பட்டனால் வேலை செய்கிறது, டெஸ்டர் ஓப்பன் கிரவுண்ட் காட்டுகிறது, லேபிள் இல்லை. பாதுகாப்பு மேம்பாடு: கராஜ், வெளிச்சுவர் ஜிஎஃப்சிஐ. வரம்பு: படுக்கையறை இரண்டு துளை அவுட்லெட்டுகள், ஒன்பதில் ஏழு சோதிக்கப்பட்டன, இரண்டு கட்டிலுக்குப் பின்னால். எலக்ட்ரீசியன் மதிப்பிட வேண்டும்."

பதில்: ஏணிக்காரன்

இரண்டு திருத்தம். ஃபேமிலி ரூமுக்கு "பயன்படுத்த வேண்டாம்" என்பதில் உலோக உடல் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். தலைகீழ் கள்ள கிரவுண்டா என்று பேனாவால் பார்க்காதவரை அந்த சர்க்யூட்டை முழுவதும் அணைத்து வைக்கச் சொல்வதே சரி.

அடுத்தது கடைசி வாக்கியம். "மதிப்பிட வேண்டும்" என்று மட்டும் விட்டால் வீடு கைமாறிய பிறகுதான் யாராவது பார்ப்பார்கள். "இன்ஸ்பெக்‌ஷன் நிபந்தனைக் காலம் முடிவதற்குள், உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் சந்தேகத்துக்குரிய அவுட்லெட்டுகளைத் திறந்து பார்த்து, சரிசெய்ய ஆகும் செலவை எழுத்தில் தர வேண்டும்" என்று எழுதுங்கள். திறந்து பார்க்கும்போது பழைய ரப்பர் காப்பு உடைந்து வேலை பெருகலாம் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாமல் கொடுத்த மதிப்பீடுகள்தான் பிறகு தகராறாகின்றன.